மஜ்ஜைக் கொடை: பெயர் கொடுத்தால் மட்டும் போதாது, போனையும் எடுக்க வேண்டும்

என் சித்தி மகனுக்கு அந்த போன் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், ஆபீசில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரம். ஆறு வருஷத்துக்கு முன்னால் காலேஜில் நடந்த ஒரு முகாமில், பஞ்சு சுற்றிய குச்சியைக் கன்னத்தின் உட்புறம் தேய்த்துக் கொடுத்து ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்தான். அதோடு சரி, மறந்துவிட்டான். இப்போது ஒரு பெண் குரல், "சார், நீங்க மஜ்ஜை கொடையாளரா பதிவு பண்ணியிருந்தீங்க, ஒரு நோயாளிக்கு உங்களோட பொருத்தம் வந்திருக்கு, இப்பவும் கொடுக்க விருப்பம் இருக்கா?" என்று கேட்கிறது. "இருக்கு மேடம்" என்று சொல்லிவிட்டான். சாயங்காலம் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொன்னதுதான் தாமதம், ராத்திரி ஒன்பது மணிக்கு எனக்குச் சித்தியிடமிருந்து போன். "ஏம்ப்பா, நீயாச்சும் அவனுக்கு எடுத்துச் சொல்லு. முதுகெலும்புல ஊசியப் போட்டு உறிஞ்சுவாங்களாமே? கல்யாணம் ஆகாத பையன், நாளைக்கு எந்திரிச்சு நடக்க முடியாமப் போயிட்டா யாரு பாக்குறது?"

சித்தியின் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். அன்றைக்கு எனக்கும் அரைகுறையாகத்தான் தெரியும். அவருக்குப் பதில் சொல்வதற்காகத்தான் படிக்க ஆரம்பித்தேன், அப்புறம் தம்பியுடன் ஆஸ்பத்திரிக்கும் போய் உட்கார்ந்திருந்தேன். அந்த ராத்திரி சித்திக்குச் சொல்லத் தெரியாததை எல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் அந்த முதுகெலும்புக் குழப்பம். எலும்பு மஜ்ஜை வேறு, முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடம் வேறு. தண்டுவடம் நரம்பு, அதற்கும் மஜ்ஜைக் கொடைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நல்லி எலும்பைத் தட்டிச் சாப்பிட்டவர்களுக்கு எலும்புக்குள் மெத்தென்று ஒன்று இருப்பது தெரியும். மனித உடம்பில் இடுப்பெலும்பு, மார்பெலும்பு மாதிரியான இடங்களில் அது சிவப்பாக இருக்கும், நம் ரத்தம் அங்கேதான் உற்பத்தியாகிறது. ஆக்சிஜன் சுமக்கும் சிவப்பணு, கிருமியோடு சண்டை போடும் வெள்ளையணு, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணு என்று எல்லாமே ஒரே வகைத் தாய்ச் செல்லிலிருந்து பிறக்கின்றன. அதைத்தான் ஸ்டெம் செல், மூலச் செல் என்கிறோம். ஒரு சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள், தட்டணுவுக்குப் பத்து நாள்கூடக் கிடையாது என்பதால் இந்தத் தயாரிப்பு ஒரு நாளும் நிற்க முடியாது.

அது கெட்டுப்போவதில் பல விதம் உண்டு. ரத்தப் புற்றுநோயில் கெட்ட வெள்ளையணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகி மற்றவற்றுக்கு இடமில்லாமல் செய்துவிடும். ஏபிளாஸ்டிக் அனீமியாவில் மஜ்ஜை காலியாகிவிடும், எதுவுமே தயாராகாது. தலசீமியாவிலும் சிக்கிள் செல் நோயிலும் சிவப்பணு தயாராகும், ஆனால் அதற்குள் இருக்கும் ஹீமோகுளோபின் பிறவியிலேயே கோளாறு. சிக்கிள் செல் ஏதோ ஆப்பிரிக்க நோய் என்று பலர் நினைக்கிறார்கள். இந்தியாவில் அது முதன்முதலில் அறியப்பட்டது 1952ல், நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடம். எதிர்ப்புச் சக்தியே இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் இன்னொரு கூட்டம்.

தலசீமியா மேஜர் உள்ள ஒரு குழந்தையின் வீட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கோ மூன்று வாரத்துக்கோ ஒருமுறை ரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க. ஏற்றும் ரத்தத்தோடு சேரும் இரும்புச்சத்து கல்லீரலிலும் இதயத்திலும் படியும் என்பதால் அதை வெளியேற்றத் தினமும் மருந்து. இந்தியாவில் வருஷத்துக்கு சுமார் 10,000 குழந்தைகள் இந்த நோயோடு பிறக்கின்றன. கல்லீரல் கெடும் முன், சின்ன வயதிலேயே மஜ்ஜை மாற்றிவிட்டால் இந்த ஊசியும் ரத்தப் பையும் இல்லாத வாழ்க்கை கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. நம் நாட்டில் முதல் மஜ்ஜை மாற்று 1983ல் மும்பை டாடா மெமோரியலில் டாக்டர் சுரேஷ் அத்வானி செய்தது, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் மாமன் சாண்டி 1986ல் தொடங்கினார். ஆக, இந்தச் சிகிச்சை தமிழ்நாட்டுக்கு வந்து நாற்பது வருஷமாகப் போகிறது. வைத்தியம் இருக்கிறது, வைத்தியர்களும் இருக்கிறார்கள். ஆள் கிடைப்பதில்தான் சிக்கல்.

ஏன் கிடைப்பதில்லை என்பதற்குப் பதில் ஹெச்.எல்.ஏ. என்ற மூன்று எழுத்தில் இருக்கிறது. ரத்த குரூப் என்று நினைத்துவிட வேண்டாம், இதில் ரத்த குரூப் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை. நம் உடம்பின் பெரும்பாலான செல்களின் மேல் "இது நம்ம ஆள்" என்று காட்டும் அடையாளப் புரதங்கள் இருக்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் ழான் தோஸே 1958ல் இதில் முதலாவதைக் கண்டுபிடித்தார், 1980ல் நோபல் பரிசும் வாங்கினார். இந்த அடையாளத்தை எழுதும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் கொத்தாக உட்கார்ந்திருக்கின்றன. வழக்கமாக ஐந்து மரபணுக்களைப் பார்ப்பார்கள், ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று, ஆக மொத்தம் பத்து. பத்துக்குப் பத்து பொருந்தினால் அது முழுப் பொருத்தம். உலகத்தில் இதுவரை அறியப்பட்ட ஹெச்.எல்.ஏ. வடிவங்கள் 40,000க்கும் மேல். தெருவில் போகும் யாரோ ஒருவரோடு நமக்குப் பத்தும் பொருந்துவது எவ்வளவு அபூர்வம் என்று இதிலிருந்தே தெரியும்.

பொருந்தாத மஜ்ஜையைக் கொடுத்தால் என்ன ஆகும்? சிறுநீரக மாற்றில் உடம்பு வந்த உறுப்பைத் தள்ளிவிடப் பார்க்கும், அது எல்லாருக்கும் தெரியும். இங்கே அந்த ஆபத்தோடு தலைகீழாக இன்னொன்றும் உண்டு. புதிதாகப் போகும் மஜ்ஜையே ஓர் எதிர்ப்புச் சக்திப் படை. அது போய் இறங்கிய உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்க ஆரம்பிக்கும். தோல் உரியும், வயிற்றுப்போக்கு நிற்காது, கல்லீரல் பாதிக்கும். பொருத்தம் கூடக் கூட இந்த ஆபத்து குறையும்.

முதலில் தேடுவது கூடப் பிறந்தவர்களிடம். அப்பாவின் இரண்டு கொத்தில் ஒன்று, அம்மாவின் இரண்டு கொத்தில் ஒன்று என்று பிள்ளைக்கு வருவதால், ஒரு அண்ணனோ தங்கையோ முழுசாகப் பொருந்த நாலில் ஒரு வாய்ப்பு. இங்கே ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். என் தாத்தா காலத்தில் ஒரு வீட்டில் ஆறு பிள்ளைகள் என்றால், நோய்வாய்ப்பட்ட ஒருவருக்கு மீதி ஐந்து பேரில் யாராவது ஒருவராவது பொருந்த 76 சதவீத வாய்ப்பு. இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள், 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 1.8 தான். கூடப் பிறந்தவர் ஒருவர் என்றால் 25 சதவீதம். ஒற்றைப் பிள்ளை என்றால் அந்தக் கதவே இல்லை. சின்னக் குடும்பமாக இருப்பதில் தப்பில்லை, ஆனால் அண்ணன் தம்பியிடம் கிடைத்துக்கொண்டிருந்ததை இனி ஊரிடம்தான் கேட்க வேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொரு விஷயமும் உண்டு. மாமன் மகள், அத்தை மகன், அக்கா மகள் என்று சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொடுத்த வீடுகளில், ஒரே கொத்து இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் என்பதால் சித்தப்பா பிள்ளைகளிடமோ, சில சமயம் பெற்றவரிடமோகூட முழுப் பொருத்தம் கிடைத்துவிடுவதுண்டு. அதனால் இப்படிப்பட்ட குடும்பங்களில் டாக்டர்கள் தேடலைச் சொந்தபந்தம் வரைக்கும் நீட்டுவார்கள். அதற்காகச் சொந்தத்தில் கட்டுவது நல்லது என்று ஆகாது. தலசீமியா மாதிரி நோய்கள் பிள்ளைக்கு வரும் வாய்ப்பைக் கூட்டுவதும் அதே கல்யாணம்தான்.

வீட்டில் கிடைக்கவில்லை என்றால் வெளியே தேட வேண்டும். வெளியே தேட ஒரு பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியல் ஒரு தாயின் தவிப்பிலிருந்து வந்தது. ஆஸ்திரேலியாவில் வாழ்ந்த ஷெர்லி நோலன் என்ற பெண்ணின் மகன் ஆன்டனி, 1971ல் விஸ்காட்-ஆல்ட்ரிச் என்ற அபூர்வ ரத்தக் கோளாறோடு பிறந்தான். 1973ல் லண்டனில் ஒரு சிறுவனுக்குச் சொந்தமே இல்லாத ஒருவரின் மஜ்ஜையை வைத்துச் சிகிச்சை நடந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இங்கிலாந்து வந்தார். குடும்பத்தில் யாரும் பொருந்தவில்லை. சரி, ஊரில் யாராவது இருப்பார்களே என்று 1974ல் அவர் தொடங்கியதுதான் உலகத்தின் முதல் மஜ்ஜைக் கொடையாளர் பதிவேடு. தன் மகனுக்காகத்தான் தொடங்கினார். அவனுக்குக் கடைசிவரை பொருத்தம் கிடைக்கவில்லை, 1979ல் ஏழு வயதில் போய்ச் சேர்ந்தான். அந்தப் பதிவேடு அவன் பெயரிலேயே இன்றைக்கும் நடக்கிறது, எத்தனையோ பிள்ளைகளுக்கு ஆள் தேடிக் கொடுத்திருக்கிறது. இதைப் படித்த அன்று நான் கொஞ்ச நேரம் போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அதே 1979ல் அமெரிக்காவின் சியாட்டிலில் இன்னொன்று நடந்தது. லாரா கிரேவ்ஸ் என்ற பத்து வயதுச் சிறுமிக்கு ரத்தப் புற்றுநோய், குடும்பத்தில் பொருத்தமில்லை. சிகிச்சை நடந்த ஆராய்ச்சி மையத்தின் லேப்பிலேயே வேலை பார்த்த ஒருவருக்குத் தற்செயலாகப் பொருந்தியது. மாற்று வெற்றி, ஆனால் இரண்டு வருஷத்துக்குள் புற்றுநோய் திரும்பிவந்து அவள் இறந்துபோனாள். அவள் அப்பா, ஒரு கால்நடை மருத்துவர், விடாமல் அலைந்தார். அவரைப் போன்றவர்களின் முயற்சியில்தான் 1980களின் நடுவில் அமெரிக்காவின் தேசியப் பதிவேடு உருவானது. மஜ்ஜை மாற்றையே நிலைநாட்டிய டாக்டர் டொனால் தாமஸ் பணியாற்றியதும் லாராவுக்குச் சிகிச்சை நடந்த அதே சியாட்டில் மையத்தில்தான், அவருக்கு 1990ல் நோபல் கிடைத்தது. ஜெர்மனியில் 1991ல் மெக்டில்ட் ஹார்ஃப் என்ற பெண்ணுக்கு ரத்தப் புற்றுநோய் வந்தபோது கணவர் பீட்டர் ஹார்ஃப் தொடங்கியது டி.கே.எம்.எஸ். இன்றைக்கு அது உலகத்தின் மிகப் பெரிய கொடையாளர் அமைப்புகளில் ஒன்று. பெங்களூரிலும் 2019 முதல் அதன் இந்தியக் கிளை இயங்குகிறது.

இப்போது எல்லா நாட்டுப் பதிவேடுகளும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. சென்னையில் இருக்கும் டாக்டர் ஒரு நோயாளியின் பத்து அடையாளங்களைப் போட்டுத் தேடினால், உலகம் முழுக்க இருக்கும் 4 கோடிக்கும் அதிகமான கொடையாளர்களில் தேடல் நடக்கும். 4 கோடி என்றால் யாருக்கும் கிடைத்துவிடும் என்றுதானே தோன்றும்? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

அப்படி இல்லை. ஹெச்.எல்.ஏ. கொத்துகள் மூதாதையர் வழியாக வருபவை. ஒரு பகுதி மக்களிடம் சாதாரணமாக இருக்கும் கொத்து இன்னொரு பகுதி மக்களிடம் இருக்கவே இருக்காது. அமெரிக்கப் பதிவேடு தானே வெளியிடும் கணக்கில், ஒரு வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 79 சதவீதம், கறுப்பினத்தவருக்கு 29 சதவீதம். இந்த வித்தியாசத்துக்குப் பெரிய காரணம் பட்டியலில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் இல்லை என்பதுதான். எட்டரைக் கோடிப் பேர்கூட இல்லாத ஜெர்மனியில் கொடையாளர்கள் ஒரு கோடி. 140 கோடிப் பேர் இருக்கும் நம் நாட்டில் எல்லாப் பதிவேடுகளையும் கூட்டினாலும் சில லட்சங்கள்தான்.

இதன் அர்த்தம் என்ன என்று புரியவைக்க ஒரு கதை சொல்கிறேன். எச்.ஐ.வி.யிலிருந்து முதன்முதலாகக் குணமான மனிதர் என்று செய்தியில் வந்தாரே, டிமொத்தி ரே பிரவுன், அவருக்கு எச்.ஐ.வி.யோடு ரத்தப் புற்றுநோயும் இருந்தது. பெர்லினில் 2007ல் அவருக்கு மஜ்ஜை மாற்று செய்த டாக்டர் கெரோ ஹ்யூட்டர், ஜெர்மனியில் பொருந்தக்கூடிய கொடையாளர்கள் ஏராளமாக இருந்ததால், வெறும் பொருத்தத்தோடு நிற்காமல், எச்.ஐ.வி. நுழைய முடியாத அபூர்வ மரபணு மாற்றம் உள்ளவரை அவர்களுக்குள்ளேயே தேடினார். ஒவ்வொருவராகச் சோதித்து, 61வது ஆளிடம் அது கிடைத்தது. ஒரே ஒரு நோயாளிக்கு அறுபத்தோரு பேரைச் சோதித்துப் பார்க்கும் அளவுக்கு அங்கே பட்டியல் நீளம். நம் ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அம்மாக்களுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள்.

தமிழர்களுக்குப் பொருத்தம் தமிழர்களிடம், தென்னிந்தியர்களிடம், இலங்கையிலும் கனடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் ஆட்களிடம்தான் கிடைக்க வாய்ப்பு அதிகம். இதில் பெருமைப்பட ஒன்று உண்டு: 2009ல் தொடங்கிய தாத்ரி பதிவேடு சென்னையில் பிறந்தது, 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்களோடு இந்தியாவிலேயே பெரியது அதுதான். ஜீவன் அறக்கட்டளையும் சென்னைதான். ஆனால் பெயர்களின் எண்ணிக்கை பாதிக் கதைதான், மீதிப் பாதி அந்தச் செவ்வாய்க்கிழமை போன்.

பொருத்தம் என்று கணினி காட்டியதும் பதிவேட்டில் இருப்பவர்கள் கொடையாளரைத் தேடிப் பிடிக்க வேண்டும். அங்கேதான் அடி விழுகிறது. நம்பர் மாறியிருக்கும். ஹாஸ்டல் முகவரி கொடுத்திருப்பார்கள், படித்து முடித்து எங்கோ போயிருப்பார்கள். கிடைத்தாலும், "முகாம்ல எல்லாரும் குடுத்தாங்கன்னு குடுத்தேன், வீட்ல வேண்டாங்குறாங்க" என்பார்கள். பெண் பிள்ளையாக இருந்தால் "நாளைக்குக் குழந்தை பிறக்குமா?" என்று வீட்டில் ஒரு கேள்வி எழும், அதற்கும் மஜ்ஜைக் கொடைக்கும் சம்பந்தமே இல்லை என்று விளக்குவதற்குள் நாள் ஓடிவிடும். சித்தி ஊரில் தெரிந்த ஒரு டாக்டரைக் கேட்டபோது, அவரும் "எதுக்கும்மா வம்பு, வேண்டாம்னுடுங்க" என்றுதான் சொல்லியிருக்கிறார். அந்தப் பக்கத்தில் ஒரு குடும்பத்துக்கு "ஆள் கிடைத்துவிட்டது" என்று செய்தி போயிருக்கும். இரண்டு வாரம் கழித்து "கொடையாளர் மறுத்துவிட்டார்" என்று இன்னொரு செய்தி போகும். பட்டியலில் பெயரே இல்லாமல் இருந்திருந்தால்கூட இந்த இரண்டாவது செய்தியின் வலி இருந்திருக்காது. அதனால் எனக்கு ஒரு கருத்து உண்டு: முகாமில் ஆயிரம் பேரிடம் குச்சி தேய்த்து வாங்குவதைவிட, நூறு பேரிடம் வீட்டில் பேசிவிட்டு வரச்சொல்லி வாங்குவது மேல்.

மனம் மாறுவதற்கு உரிமை உண்டு, கையெழுத்துப் போட்டுவிட்டதற்காக யாரும் கட்டாயப்படுத்த முடியாது. ஆனால் ஒரு கட்டம் இருக்கிறது, அதை எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மஜ்ஜை போவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாலேயே நோயாளிக்கு மிகக் கடுமையான கீமோ, சிலருக்குக் கதிர்வீச்சும் கொடுத்து, இருக்கிற மஜ்ஜையை முழுக்க அழிக்கத் தொடங்கிவிடுவார்கள். புதியது இறங்கப் பழையது காலியாக வேண்டும். அழித்த பிறகு அந்த உடம்பால் சொந்தமாக ரத்தம் தயாரிக்க முடியாது. அந்த வாரத்தில் கொடையாளர் "வேண்டாம்" என்றால் நோயாளி பிழைப்பது அரிது. முடியாது என்றால் முதல் போனிலேயே சொல்லிவிடுங்கள், அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். அவர்களாவது அடுத்த ஆளைத் தேடுவார்கள்.

தம்பி விஷயத்துக்கு வருகிறேன். முதலில் ரத்தம் எடுத்துப் பொருத்தத்தை மறுபடி உறுதி செய்தார்கள். அப்புறம் முழு உடல் பரிசோதனை, இதயம், மார்பு எக்ஸ்ரே, தொற்றுநோய்ச் சோதனைகள் எல்லாம். ஒரு பைசா செலவில்லை, அவனுக்கு ஒரு பைசா கொடுக்கவும் இல்லை. போக்குவரத்து, தங்குமிடம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கொடுக்க இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, மயக்க மருந்து கொடுத்து இடுப்பெலும்பின் பின்பக்கத்திலிருந்து ஊசியால் மஜ்ஜையை எடுப்பது. இடுப்பு சில நாள் வலிக்கும், எடுத்த மஜ்ஜை சில வாரத்தில் தானாக ஊறிவிடும். இன்னொன்று கையிலிருந்தே எடுப்பது, இப்போது பெரும்பாலும் நடப்பது இதுதான். ஜி.சி.எஸ்.எஃப். என்ற ஊசியை நாலைந்து நாள் தொடர்ந்து தோலுக்கடியில் போடுவார்கள். மஜ்ஜைக்குள் இருக்கும் மூலச் செல்கள் அதனால் பெருகி, ரத்தத்துக்குள் இறங்கி வரும்.

மூன்றாம் நாள் ஊசிக்குப் பிறகு தம்பிக்கு இடுப்பும் முதுகும் வலித்தது, காய்ச்சல் வருவதற்கு முந்தின நாள் உடம்பு முறிவது மாதிரி. பாராசிட்டமால் போட்டுக்கொண்டான். சித்தி அந்த ஐந்து நாளும் தினம் இரண்டு முறை எனக்குப் போன்.

ஐந்தாம் நாள் காலையில் சாய்வு நாற்காலி மாதிரி ஒரு கட்டிலில் படுக்க வைத்து, இரண்டு கையிலும் ஊசி குத்தினார்கள். ஒரு கையிலிருந்து ரத்தம் மெல்லிய குழாய் வழியாக ஒரு மெஷினுக்குள் போகிறது, உள்ளே சுழன்று பிரிகிறது, தேவையான செல்கள் மேலே தொங்கும் ஒரு பைக்குப் போக, மீதியெல்லாம் இன்னொரு கை வழியாகத் திரும்ப உடம்புக்கே வந்துவிடுகிறது. நாலு மணி நேரம். கையை மடக்கக் கூடாது என்பதால் மூக்கு அரித்தால்கூட நான்தான் சொறிந்துவிட வேண்டும். நடுவில் "அண்ணே, உதடு மதமதன்னு இருக்கு" என்றான். ரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் மருந்து கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும், அதனால்தான் அது என்று சொல்லி நர்ஸ் ஒரு கால்சியம் மாத்திரையைச் சப்பக் கொடுத்தார், சரியாகிவிட்டது. கடைசியில் அந்தப் பையைப் பார்த்தேன். உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது, கெட்டியான தக்காளி ரச நிறம். அவ்வளவுதான். இதற்காகவா ஊரே கலங்கியது என்று இருந்தது, அதே சமயம் அந்தப் பையைத் தொட்டுப் பார்க்கவே கை கூசியது.

பை ஒரு குளிர்பெட்டிக்குள் போனது. உள்ளே உறையும் குளிர் கிடையாது, 2 முதல் 8 டிகிரி. அதை ஒருவர் கையிலேயே வைத்துக்கொண்டு பயணம் செய்வார், பார்சலில் அனுப்ப மாட்டார்கள், விமான நிலையத்தில் எக்ஸ்ரே மெஷினுக்குள்ளும் விட மாட்டார்கள். பொதுவாக 72 மணி நேரத்துக்குள் நோயாளியின் உடம்புக்குள் போயிருக்க வேண்டும்.

அந்தப் பக்கம் நடப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "மாற்று அறுவை சிகிச்சை" என்ற வார்த்தையே தப்பான படத்தைத் தருகிறது. கத்தியும் இல்லை, தையலும் இல்லை. ரத்தம் ஏற்றுவது போலவே நரம்பு வழியாகச் சொட்டுச் சொட்டாக ஏறும். ஏறின செல்கள் ரத்தத்தில் சுற்றி, எலும்புக்குள் தங்கள் இடத்தைத் தாங்களே கண்டுபிடித்துப் போய் உட்கார்ந்துகொள்கின்றன. கஷ்டமெல்லாம் அதற்குப் பிறகுதான். இரண்டு முதல் நாலு வாரம், வெள்ளையணு எண்ணிக்கை கிட்டத்தட்டப் பூஜ்ஜியத்தில் இருக்க, வாய் முழுக்கப் புண்ணோடு, தனியறையில், ஒரு சாதாரணக் கிருமி வந்தாலும் ஆபத்து என்ற நிலையில் காத்திருக்க வேண்டும். தினமும் காலையில் ரத்தம் எடுத்து எண்ணுவார்கள். நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணு வகையின் எண்ணிக்கை 500ஐத் தாண்டி மூன்று நாள் நின்றுவிட்டால் மஜ்ஜை பிடித்துவிட்டது என்று அர்த்தம். அப்புறம் மெதுவாக நோயாளியின் ரத்த குரூப்பே மாறி, கொடுத்தவரின் குரூப் ஆகிவிடும். பிழைப்பதற்கு உத்தரவாதம் கிடையாது. தொற்று, புது மஜ்ஜையின் தாக்குதல், புற்றுநோய் திரும்புவது என்று மூன்று பக்கமும் ஆபத்து இருக்கிறது. ஆனால் அந்தத் தாக்குதல் குணமே ரத்தப் புற்றுநோய்க்காரர்களுக்கு ஓரளவு உதவவும் செய்கிறது, மிச்சமிருக்கும் புற்றுச் செல்களைத் தேடி அழிப்பதும் அதே புது மஜ்ஜைதான்.

இப்போதெல்லாம் பாதிப் பொருத்தத்திலேயே அப்பாவோ அம்மாவோ கொடுத்துவிடலாமே, பதிவேடு எதற்கு என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். மாற்றுக்குப் பிந்தைய நாட்களில் சைக்ளோபாஸ்பமைட் என்ற மருந்தைக் கொடுத்து அந்தத் தாக்குதலை அடக்கும் முறை வந்த பிறகு, பாதிப் பொருத்த மாற்று உலகம் முழுக்கப் பெருகிவிட்டது, நம் நாட்டிலும் நிறைய நடக்கிறது. யாருமே இல்லாதவர்களுக்கு அது உயிர் வழி. ஆனாலும் பெற்றவர்களுக்கு வயதாகியிருக்கலாம், சர்க்கரை இருக்கலாம், தலசீமியா மாதிரி நோயில் மஜ்ஜை பிடிக்காமல் போகும் ஆபத்து கூடலாம். முழுசாகப் பொருந்தும் இருபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் பட்டியலில் இருந்தால், டாக்டர் கையில் இன்னொரு வழி இருக்கும்.

தொப்புள்கொடி ரத்தத்தைப் பணம் கட்டிச் சேமித்து வைத்தால் போதும் என்று பிரசவத்துக்குப் போகும் வீடுகளில் சொல்லி விற்கிறார்கள், அதையும் நம்பிவிட வேண்டாம். தலசீமியாவோடு பிறக்கும் குழந்தையின் சொந்தத் தொப்புள்கொடி ரத்தத்திலும் அதே தலசீமியா மரபணுதான் இருக்கும், அதை வைத்து அந்தக் குழந்தையைக் குணப்படுத்த முடியாது. எதிர்காலச் சொந்த உபயோகத்துக்கு என்று சேமிப்பதற்கு அறிவியல் அடிப்படை இல்லை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே சொல்லியிருக்கிறது.

பணம் பெரிய சுமைதான், மறைக்க முடியாது. வெளி ஆளிடமிருந்து மாற்று என்றால் பல லட்சம் ஆகும். தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா குழந்தைகளுக்குக் கோல் இந்தியா நிறுவனத்தின் நிதியில் 10 லட்சம் வரை கிடைக்கும் 'தலசீமியா பால் சேவா' திட்டம் இருக்கிறது, தமிழக முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் மஜ்ஜை மாற்று வருகிறது. ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளரைப் பார்த்துக் கேட்க வெட்கப்பட வேண்டாம்.

பதிவு செய்ய 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். மேல் வரம்பு பதிவேட்டைப் பொறுத்து 50, 55 என்று இருக்கும், ஆனால் டாக்டர்கள் முதலில் கூப்பிடுவது இளைஞர்களைத்தான், இளம் வயதுக்காரரின் செல்கள் நோயாளிக்குப் பலன் அதிகம் தருவதால்.

தம்பிக்கு, தான் யாருக்குக் கொடுத்தோம் என்று தெரியாது. ஒரு சிறுமி என்று மட்டும் சொன்னார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு பேரும் சம்மதித்தால்தான் பெயர் சொல்வார்கள், அதுவரை எந்த விவரமும் கிடையாது. சித்தி இப்போதும் போனில் குடும்ப விசாரிப்பெல்லாம் முடிந்த பிறகு, வைப்பதற்கு முன்னால், "அந்தப் புள்ள எப்படி இருக்காம், ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று கேட்பார். இல்லை சித்தி என்பேன். போன மாசம் தம்பிக்கு ஹைதராபாத்தில் வேறு வேலை கிடைத்தது, நம்பரையும் மாற்றினான். புது நம்பரைப் பதிவேட்டுக்குச் சொல்லிவிட்டாயா என்று அவனிடம் முதலில் கேட்டது சித்திதான்.